ஷஃபில்பாட்டம் வகையறா

இங்கிலாந்தில் ஷஃபில்பாட்டம் என்றொரு குடும்பப் பெயர் இருக்கிறது. அபூர்வமான பெயர்தான், ஆனால் பங்காளிகளுக்குக் குறைவில்லை: ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், சைட்பாட்டம், ஹிக்கின்பாட்டம், ரோபாட்டம், அப்புறம் ஹாரி பாட்டர் புண்ணியத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்ட லாங்பாட்டம். ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்றால் உட்காருமிடம். 'ஷஃபில்' என்றால் தேய்த்துத் தேய்த்து நகர்வது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வயசுக் குழந்தை இருக்கிற எந்த வீட்டுத் தரையிலும் பார்க்கலாம்.

சிரித்து முடித்தாயிற்றா? இனி அந்தக் குடும்பத்துப் பக்க நியாயத்தையும் கேட்டுவிடுவோம். பெயர் 13ஆம் நூற்றாண்டிலேயே ஏடேறிவிட்டது. 'பாட்டம்' என்ற சொல்லுக்குப் பிருஷ்டம் என்ற பொருளும் உண்டு என்பதற்கு அகராதிக்காரர்கள் காட்டும் முதல் சாட்சியோ 1794ஆம் வருஷத்தது. நடுவில் ஐந்நூறு வருஷம். அத்தனை காலமும் இந்த வகையறா சந்தைக்கும் தேவாலயத்துக்கும் தலை நிமிர்ந்துதான் போய் வந்திருக்கிறது. அவர்கள் ஒழுங்காகக் குடியிருந்த சொல்லில் பாதியை மொழி ஒருநாள் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டது. அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

இடம் லங்காஷயர். நம் தாத்தாக்கள் தெருவில் குவித்துக் கொளுத்தினார்களே அந்நியத் துணி, அதில் பெரும்பங்கை நெய்து அனுப்பிய அதே லங்காஷயர். ஆனால் இது மில் வருவதற்கு நெடுங்காலம் முந்திய கதை. அப்போது அங்கே இருந்தவை இரண்டே: ஆடு, மழை. பென்னைன் மலைத்தொடர் மேற்கே இறங்குகிற சரிவில், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முட்டி நின்று பாட்டம் பாட்டமாகப் பெய்துவிட்டுப் போகும். தண்ணீர் அறுத்த ஒடுக்கமான பள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். பள்ளத்தின் அடிநிலத்தைப் பழைய ஆங்கிலத்தில் 'போத்ம்' என்றார்கள். அதுதான் பின்னாளில் மானத்தை வாங்கிய 'பாட்டம்'.

மலைக்காரர்களுக்குக் கவிதை புனைய நேரமில்லை. கண்ணில் பட்டதை வைத்துப் பள்ளத்துக்குப் பெயரிட்டார்கள். நீளமாகக் கிடந்தால் லாங்பாட்டம். குளிர்காலத்தில் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு வந்து மேய்த்தால் விண்டர்பாட்டம். ராம்ஸ்பாட்டம் விஷயத்தில் மட்டும் அறிஞர்களுக்குள் தகராறு. கிடா மேய்ந்த பள்ளமா, காட்டுப்பூண்டு மண்டிய பள்ளமா? இரண்டில் எதுவானாலும் வாடை ஒன்றுதான் என்பதால் நாம் தலையிட வேண்டாம். ஹிக்கின்பாட்டம் ஒரு மோசடிப் பேர்வழி. போல்டன் ஊருக்குப் பக்கத்தில் ஓக் மரம் நின்ற ஓக்கன்பாட்டம்தான் பூர்வீகம். நாலு வாயில் புகுந்து வரும்போது, ரிச்சர்டைச் செல்லமாகக் கூப்பிடும் 'ஹிக்கின்' அதில் ஒட்டிக்கொண்டது. மரம் மனுஷனாகிவிட்டது.

நம் கதாநாயகன் பிறந்த ஊர் பெரிக்குப் பக்கம். (பெயர்தான் பெரி, ஊர் அப்போது சிறிசு.) அங்கே ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓர் ஊற்று, ஊற்றில் ஆடுகள் தண்ணீர் குடிக்கும். ஆடு, ஊற்று, பள்ளம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். பழைய ஆவணத்தில் அது ஏறக்குறைய 'ஷிப்பெவால்பொதெம்' என்று கிடக்கிறது. தமிழில் ஆட்டூற்றுப்பள்ளம் என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு லட்சணமான ஊர்ப்பெயர்!

சரி, இடத்தின் பெயர் மனுஷன் முதுகில் ஏறியது எப்படி? 1066இல் நார்மன்கள் கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்தார்கள். நிலத்தோடு பெயர்களையும் பிடித்தார்கள். அதுவரை எதெல்ஸ்டான், வுல்ஃப்ரிக் என்று பல் உடைகிற மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள், நாலைந்து தலைமுறைக்குள் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் என்ற கைப்பிடி அளவுப் பெயர்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் கும்பல் கும்பலாக ஜான். இதில் கணக்கப்பிள்ளைகள் பட்ட பாட்டைச் சற்றே கற்பனை செய்துகொள்ளலாம்.

"பேர்?"

"ஜானுங்க."

"எந்த ஜான்?"

"வில்லியம் மகன் ஜானுங்க."

"எந்த வில்லியம்?"

"ஜான் மகன் வில்லியமுங்க."

"எங்கேயிருந்தய்யா வந்து தொலைத்தாய்?"

"அந்த ஆட்டூற்றுப் பள்ளத்துலேர்ந்துங்க."

கணக்கப்பிள்ளை பெருமூச்சு விட்டு எழுதிக்கொள்வார். பேசுவது வடநாட்டு மலைவாய், கேட்பது லத்தீன் படித்த காது, எழுதுவது குளிரில் விறைத்த கை. மூன்றும் கூடிப் பெற்றெடுத்த பெயருக்கு ஜாதகம் சுத்தமாக இருக்குமா?

தச்சர், கொல்லர் போன்றவர்களுக்குத் தொழிலே பெயராயிற்று. சிலருக்கு அப்பன் பெயர் வந்து சேர்ந்தது. குட்டையன், நெட்டையன், செம்பட்டையன் எல்லாம் பட்டப்பெயர் வழியாக ஏட்டில் ஏறினார்கள். மலைச்சரிவில் ஒண்டியாகக் குடிசை போட்டவனுக்கு இடம்தான் அடையாளம். மலைநாட்டில் பள்ளத்துப் பெயர்கள் இத்தனை குவிந்ததற்கு வேறு ரகசியம் கிடையாது.

இந்தப் பெயர்களை இறுக்கிக் கட்டிய கயிறுகளில் முக்கியமானது வரி. 1377இல் அரசாங்கம் தலைவரி போட்டது. 14 வயசுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 4 பென்னி. சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் பேர் கட்டினார்கள். பிரான்ஸோடு சண்டை முடிகிற வழியாக இல்லை, கஜானா காலி. 1381இல் வரியை மூன்று மடங்காக்கி ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்றார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் சுமார் 9 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். நாலே வருஷத்தில் நாலரை லட்சம் பேர் காணோம்! விதவைத் தாய்மாரும் கல்யாணமாகாத தங்கைகளும் அதிகாரி வரும் நாளில் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தார்கள். திரும்பக் கணக்கெடுக்க ஆள் அனுப்பியதும் ஊர் கொந்தளித்தது. வாட் டைலர் என்பவர் தலைமையில் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்து பேராயர் தலையையும் கஜானா அதிகாரி தலையையும் சீவினார்கள். தலைவரிக்கு இதைவிடப் பொருத்தமான ரசீது கிடையாது. சொல்ல மறந்தேனே, டைலர் என்றால் ஓடு வேய்கிறவர்.

அரசன் வருவான், போவான். ஏட்டில் ஏறிய பெயர் இறங்காது. ஆட்டூற்றுப்பள்ளத்தானின் மகன் மேட்டில் வீடு கட்டிப் போனாலும் பள்ளத்தான்தான். ஆடு ஒன்றும் இல்லாமல் செருப்புத் தைத்தாலும் பள்ளத்தான்தான். பேரன் காலத்தில் அந்த ஊற்று எங்கே இருந்ததென்றுகூட யாருக்கும் நினைவில்லை. பொருள் மறந்துபோன பெயருக்குக் காது வைத்ததுதான் சட்டம். ஷிப்பர்பாட்டம் என்றார்கள். ஷூபாட்டம் என்றும் ஒரு கிளை உண்டு. பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் அன்றைய மனநிலைக்கு ஏற்ப எழுத்துக்கூட்டினார். கடைசியில் 'ஷஃபில்' என்று ஏற்கெனவே தெரிந்த சொல் ஒன்று காதில் விழ, அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆடு போயிற்று. ஊற்றும் போயிற்று. பள்ளம் மட்டும் மிச்சம்; அதற்கும் வேறு அர்த்தம் வந்துகொண்டிருந்தது.

மில் யுகம் வந்தது. பெரியும் போல்டனும் மான்செஸ்டரும் புகைக்கூண்டுக் காடுகளாயின. மலைப் பள்ளத்திலிருந்து கிளம்பியவர்கள் பஞ்சாலையில் போய்ச் சேர்ந்தார்கள். இங்கேதான் வேடிக்கை. ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்தால், பெரியிலிருந்து மான்செஸ்டர் 10 மைலுக்குள். 1881 மக்கள்தொகைக் கணக்கை வரைபடமாக்கினால் ஷஃபில்பாட்டங்கள் லங்காஷயரிலும், அதை ஒட்டிய செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயரிலும் மொய்த்துக் கிடக்கிறார்கள். மற்ற இடங்களில் தேடிப் பிடிக்க வேண்டும். உலகத்தில் கால்வாசியை ஆண்ட தேசம். அதன் ஒரு குடும்பம் அறுநூறு வருஷத்தில் நகர்ந்த தூரம் ஒரு நாள் நடை.

இந்த அசையாமையில் கல்விமான்களுக்கு ஒரு போதை உண்டு. 1890இல் ஹென்றி ப்ரௌம் கப்பி என்பவர் பிரிட்டனின் குடும்பப் பெயர்களுக்கு எது சொந்த ஊர் என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார். அவர் வழி எளிது: விவசாயிகள் லேசில் இடம் மாறமாட்டார்கள், ஆகவே மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளின் பெயரை எண்ணினால் போதும். கப்பி என்பதே டார்செட் பக்கத்து அபூர்வப் பெயர்தான். இன்னொரு கப்பி டிரினிடாட் தீவிலிருந்து அனுப்பிய குட்டி மீனுக்கு 1866இல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கொசுப்புழு தின்பதற்காக நம் ஊர்த் தொட்டிகளிலும் விடுகிறார்களே, அதே கப்பி மீன். ஆராய்ச்சி செய்த கப்பியை யாருக்கும் தெரியாது, மீனைத் தெரியாதவர் இல்லை. ஒரு குடும்பப் பெயர் உலகம் சுற்ற வேண்டுமானால் வாலும் செதிலும் தேவைப்படும் போலிருக்கிறது.

அதற்கு முன்பே சார்லஸ் டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டனுக்கு வேறு கவலை. பெரிய மனிதர்களின் குடும்பப் பெயர்கள் வரிசையாக அழிகின்றனவே, ஏன்? தந்தை வழியில் இறங்குகிற பெயர், ஆண் வாரிசு இல்லாவிட்டால் அதோடு சரி. (கால்டனுக்கே பிள்ளை இல்லை, கவலையில் நியாயம் இருந்தது.) 1873இல் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழில் இதை ஒரு கணக்காகப் போட்டார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார், கணிதமும் கரைத்துக் குடித்தவர், விடை கண்டுபிடித்தார். என்ன விடை? எல்லாக் குடும்பப் பெயரும் ஒருநாள் நிச்சயம் அழியும்!

பாதிரியார் வாயில் வந்தால் கணக்குகூடப் பிரசங்கமாகிவிடுகிறது. அந்தச் சமன்பாட்டுக்கு ஒன்று என்ற விடை எப்போதும் உண்டு. ஒன்று என்றால் அழிவு நிச்சயம். ஆளுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் பிறக்கிற இடத்தில் அதைவிடச் சின்ன விடை இன்னொன்று ஒளிந்திருக்கும். அதுதான் சரியான விடை, அதன்படி பெயர் பிழைக்க வாய்ப்பும் உண்டு. முதல் விடை கிடைத்ததுமே வாட்சன் பேனாவை மூடிவிட்டார். தவறைக் கண்டுபிடித்துத் திருத்த 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதுவரை காகிதத்தில் செத்துக்கிடந்த ஷஃபில்பாட்டங்கள் பெரி பக்கத்தில் சௌக்கியமாகப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு பின்னாளில் அணுப்பிளவுத் தொடர்வினையைப் புரிந்துகொள்ளவும் உதவியது என்பது தனிக் கதை.

2000இல் ஆக்ஸ்ஃபோர்ட் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் வேறு வழியில் வந்தார். மகனுக்குத் தந்தையிடமிருந்து இரண்டு சொத்து வருகிறது: குடும்பப் பெயர், ஒய் குரோமோசோம். இரண்டும் ஒன்றாகப் பயணம் செய்கின்றனவா? தன் பெயரையே சோதனைக்கு எடுத்தார். யார்க்ஷயர் பக்கத்து ஓடையைக் குறிக்கிற பெயர் அது. 48 சைக்ஸ்களின் மாதிரியில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே குரோமோசோம். அப்படியானால் எல்லாருக்கும் மூலத்தில் ஒரே தாத்தா. மீதிப் பாதி? தத்து எடுத்திருக்கலாம், பெயரை மாற்றியிருக்கலாம், அல்லது தாத்தா சந்தைக்குப் போன நேரத்தில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம். எழுநூறு வருஷத்தையும் கூட்டிக் கழித்தால் தலைமுறைக்கு 1.3 சதவீதக் கசிவு என்றார் சைக்ஸ். அந்த மலைக் குளிரையும் நீண்ட இரவுகளையும் யோசித்தால் நன்னடத்தைச் சான்றிதழே கொடுக்கலாம்.

விக்டோரியா காலத்தில்தான் வகையறாவுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. மேஜையின் காலைக்கூடக் கால் என்று சொல்லக் கூசியதாகப் பேர் வாங்கிய சமூகம். அதில் போய் ஒருவர் "நான் சைட்பாட்டம்" என்று கை நீட்டினால்? பணம் வந்தவர்கள் முதல் வேலையாக உள்ளே 'எச்' என்ற எழுத்தைச் செருகி '-பாத்தம்' ஆனார்கள். சிலர் 'சிடி-போ-டோம்' என்று உச்சரிக்கும்படி வந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அந்த நாட்டில் யாரும் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுகிறவர் 1862இல் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் படித்துவிட்டு மாற்றுவது நல்லது. ஜோஷுவா பக் என்பவர், பக் என்றால் அங்கே மூட்டைப்பூச்சி, இன்றுமுதல் நான் நார்ஃபோக் ஹோவர்ட் என்று அறிவித்திருந்தார். நார்ஃபோக் பிரபுக்களின் குடும்பப் பெயர் ஹோவர்ட். அதைவிட உசந்த வம்சம் அங்கே தேடினாலும் கிடைக்காது. இங்கிலாந்து வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்ததோடு நிற்காமல் மூட்டைப்பூச்சிக்கே 'நார்ஃபோக் ஹோவர்ட்' என்று பெயர் சூட்டிவிட்டது.

பெயரை மாற்றாமல் நெஞ்சை நிமிர்த்தியவர்களும் உண்டு. வால்டர் விண்டர்பாட்டம் 1946 முதல் 1962 வரை இங்கிலாந்து கால்பந்து அணியின் மேலாளராக இருந்தார். ரையன் சைட்பாட்டம் 2008இல் நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஹாட்ரிக் எடுத்தபோது யாரும் பெயரைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை, அதிலும் அவுட்டான மூன்று பேர் நிச்சயம் சிரிக்கவில்லை. 1980இல் பம்பாய் டெஸ்டில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்து நம்மைப் பிழிந்த இயான் போத்தமும் இந்தப் பள்ளத்துப் பங்காளிதான் என்று பெயர் அகராதிகள் சொல்கின்றன. 2020இல் பிரபுப் பட்டம் வந்தபோது அவர் போத்தம் பிரபு என்றே ஆனார்.

துணிச்சலில் எல்லாரையும் மிஞ்சியவர் டெக்சஸ் பில் ஷஃபில்பாட்டம். அமெரிக்க கௌபாய் ஜுரம் இங்கிலாந்தை ஆட்டிய காலத்தில், ஊர் ஊராகத் திருவிழாச் சந்தைகளில் 'வைல்ட் வெஸ்ட்' கூடாரம் போட்டவர். குறிபார்த்துச் சுடுதல், கத்தி வீசுதல் எல்லாம் உண்டு. கத்தி வீசுகிற பலகையில் சாய்ந்து நிற்பதற்குக் கூலி கொடுத்து ஆள் பிடிக்கவில்லை. அதற்குத்தானே குடும்பம் இருக்கிறது! பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதையே தொழிலாக நடத்தினார்கள். குடும்பத்துப் பெண் ஒருவர் பாம்பாட்டியாகவும் பேர் வாங்கினார். டெக்சஸ் கடன் வாங்கியது, தொப்பி கடன் வாங்கியது. விளம்பரப் பலகைக்கு ஒரு பெயரையும் கடன் வாங்கியிருக்கலாம், அவர் அதை மட்டும் செய்யவில்லை.

இனி மறைத்தவர் கதை. இது நமக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. ஹெர்வால்ட் ராம்ஸ்பாத்தம் என்ற கன்சர்வேடிவ் அரசியல்வாதி, கல்வி அமைச்சராக இருந்தவர், 1941இல் பிரபுவாக்கப்பட்டார். பிரபுவாகிறவர் பட்டப்பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ராம்ஸ்பாத்தம் பிரபு என்று சபையில் கூப்பிட்டால் எப்படியிருக்கும் என்று கண்ணாடி முன்னால் ஒருதரம் சொல்லிப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிற ஒரு கிராமத்தின் பெயரை எடுத்துச் சூடிக்கொண்டார். கிராமத்தின் பெயர் சோல்பரி.

ஆமாம், அதே சோல்பரி. 1944 கடைசியில் இலங்கைக்கு ஆணைக்குழுவோடு வந்து இறங்கியவர். ஜி.ஜி. பொன்னம்பலம் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்று யாருக்கு முன்னால் வாதாடினாரோ அவர். 1972 வரை இலங்கையைக் கட்டியிருந்த சோல்பரி யாப்புக்குப் பெயர் கொடுத்தவர். சிறுபான்மையினருக்கு அதன் 29ஆம் பிரிவு காப்பு என்று நம்பி, அது காக்கவில்லை என்று நொந்து, எத்தனை மேடை, எத்தனை தீர்மானம், எத்தனை தலையங்கம்! கிராமப் பெயர் கைகொடுத்திராவிட்டால் அத்தனை மேடையிலும் "ராம்ஸ்பாட்டம் யாப்பே நம்மைக் கைவிட்டது" என்று முழங்க வேண்டியிருந்திருக்கும். அழுகையும் வராது, ஆவேசமும் வராது.

1949இல் அவரே மகாதேசாதிபதியாகத் திரும்பி வந்து 1954 வரை கொழும்பில் கொலுவிருந்தார். மூத்த மகன் ஜேம்ஸும் இலங்கைக்கு வந்தார். வந்தவர் ராணி மாளிகையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் ஓர் ஓலைக் குடிலில் இருந்த யோகர் சுவாமியைப் போய்ப் பார்த்தார். யோகர் சுவாமி பிரபு, பிச்சைக்காரன் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி ஏசுகிறவர். ஜேம்ஸுக்கு அது பிடித்துப்போயிற்று. சீடரானார், வேட்டி கட்டினார், சந்தசுவாமி ஆனார். தம்பி பீட்டர் வேறு பாதை. வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராகப் போய், 1977இல் பிரதமர் கலகனின் மருமகனுக்கு அந்த நாற்காலி தேவைப்பட்டதால் இறங்கினார். மருமகன் அரசியலை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இனி யாரும் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம்.

1971இல் தந்தை காலமானார். பட்டம் மூத்த மகனுக்குத்தானே போகும்? காவி கட்டியவரா, கோட்டு போட்டவரா என்று இங்கிலாந்து சட்டம் கேட்பதில்லை. ஊர், உறவு, பெயர் எல்லாவற்றையும் துறந்து உட்கார்ந்திருந்த சந்தசுவாமி அன்றுமுதல் இரண்டாவது சோல்பரி பிரபு. 2004இல் அவர் மறைந்ததும் தம்பி பீட்டர் மூன்றாமவரானார். ஆனால் பிரபுப் பட்டம் குடும்பப் பெயரை அழிப்பதில்லை, அதற்கு மேலே உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். லண்டனில் பிரபுக்களின் வம்சாவளிப் பதிவேட்டைப் புரட்டினால் சோல்பரி என்ற பட்டத்துக்குக் கீழே அப்பா, சுவாமியார், தூதர் மூவருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்றுதான் போட்டிருக்கிறது: ராம்ஸ்பாத்தம்.